“கடைசியா எப்படி நிண்டது?” – எழும்பாத லினக்ஸுக்கும் அணையாத லினக்ஸுக்கும் தொலைபேசி வைத்தியம்

களுவாஞ்சிக்குடியில் இருந்து மண்டூருக்குக் குறுக்கால் போவதென்றால் குருமண்வெளித் துறையில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவை) ஏற வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியில் காற்று எழும்பிவிட்டால் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அக்கரையில் ஒரு அரிசி ஆலையின் கணக்குக் கணினி என் பொறுப்பு. இக்கரையில் ஒரு வாசிகசாலையின் எட்டுக் கணினிகளும் ஒரு கொமினிகேசன் கடையின் இரண்டும். எல்லாம் உபுண்டு அல்லது டெபியன் என்ற லினக்ஸ் வகைகள், எல்லாம் பழசு. ஒவ்வொரு பிழைக்கும் வாவியைக் கடக்க முடியாது என்பதால் தொலைபேசியிலேயே பார்த்துச் சொல்லப் பழகிவிட்டேன். அவர்கள் சொல்லும் குறி, அதற்கு நான் செய்யச் சொல்வது, அவ்வளவையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். தொலைபேசியில் சொல்வதும் அப்படித்தான். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. இடைவெளி, கழித்தல் கோடு, சாய்கோடு எல்லாம் எழுதியபடியே. கணினியை மாற்றியமைக்கும் கட்டளைக்கு முன்னால், நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் சூடோ என்ற சொல்லைப் போட வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லப்போவதில்லை.

முதலில் கேட்பது

எந்தக் குறியைச் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “கடைசியா எப்படி நிண்டது?” ஒழுங்காக அணைத்தீர்களா, கரண்ட் போனதா, பொறுமை இல்லாமல் பொத்தானை அமத்திப் பிடித்தீர்களா? காலையில் எழும்பாமல் நிற்கும் கணினிகளில் என் கைக்கு வருபவை பெரும்பாலும் முதல்நாள் ஒழுங்காகப் படுக்காதவை.

ஒழுங்காக அணைக்கும்போது நடப்பது இது. முதலாம் இலக்கச் செயல்முறையான சிஸ்டம்டி, தான் எழுப்பிய சேவைகளைத் தலைகீழ் வரிசையில் நிறுத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் “முடித்துக்கொள்” என்ற சைகை போகும். கேட்காததைக் கொஞ்சம் பொறுத்துக் கொல்லும். பிறகு கோப்பு முறைமைகளைக் கழற்றும். கடைசியில்தான் இயங்குதளத்தின் கருவான கெர்னல் மின்சாரத்தைத் துண்டிக்கும். கரண்ட் போனால் இதில் ஒரு படியும் நடக்காது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை தன் குறிப்பேட்டைச் சாதாரணமாக 5 வினாடிக்கு ஒருதரம் வட்டில் எழுதும். அதனால் பெரும்பாலான இருட்டுகளில் அது தப்பிப் பிழைத்துவிடும். பெரும்பாலான என்றுதான் சொல்லலாம், எல்லாவற்றிலும் அல்ல.

“ஒழுங்காத்தான் தம்பி நிப்பாட்டினான்” என்பார்கள். ஆளைக் குறை சொல்லத் தேவையில்லை, பதிவேட்டைப் பார்த்தால் போதும். கணினி எப்படியோ எழும்பிவிட்டதென்றால்:

ஜேர்னல்சிடிஎல் -பி -1 -இ

இது முந்தின ஓட்டத்தின் கடைசி வரிகளுக்கு நேரே கொண்டுபோய் விடும். முடிவில் “ஜேர்னல் ஸ்டொப்ட்” என்று இருந்தால் ஒழுங்காக அணைந்தது. சம்பந்தமே இல்லாத ஒரு வரியோடு, பேசிக்கொண்டிருந்தவன் வாய் அடைத்ததுபோல அறுந்திருந்தால், மின்சாரம் போயிருக்கிறது அல்லது யாரோ பொத்தானை அமத்திப் பிடித்திருக்கிறார்கள். லாஸ்ட் -எக்ஸ் என்ற கட்டளையும் இதையே வேறு விதமாகச் சொல்லும்: இரண்டு ரீபூட் வரிகளுக்கு நடுவே ஷட்டவுன் வரி இல்லையென்றால் அது விழுந்த நாள்.

முந்தின ஓட்டம் எதுவும் இல்லை என்று பதில் வந்தால், பதிவுகள் நினைவகத்தில் மட்டும் இருந்து அணைந்ததும் அழிகின்றன என்று அர்த்தம். /வார்/லொக்/ஜேர்னல் என்ற அடைவை (கோப்புறையை) உண்டாக்கி, சிஸ்டம்டி-ஜேர்னல்டி சேவையை மறுபடி தொடங்குங்கள். பிழை வருமுன் செய்து வைக்க வேண்டிய வேலை இது.

“கிரப் ரெஸ்கியூ எண்டு நிக்கிது”

பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொமினிகேசன் கடையில் வாடிக்கையாளர் மறந்துவிட்டுப் போன ஒரு பென் டிரைவுக்காக நான் இரண்டுதரம் சைக்கிள் மிதித்திருக்கிறேன். கழற்றிவிட்டு மறுபடி போட்டாலே பாதி தீரும்.

தீராவிட்டால், எழுப்பி விடும் கிரப் தன் மீதிப் பாகங்கள் வட்டின் எந்தப் பகிர்வில் (பிரித்த பகுதியில்) இருக்கின்றன என்பதைத் தொலைத்துவிட்டது. புதிதாக ஒரு வட்டைச் சேர்த்தாலோ பகிர்வுகளை மாற்றினாலோ இது வரும். இந்த இடத்தில் மூன்று நாலு கட்டளைகள்தான் வேலை செய்யும். எல்எஸ் என்று அடியுங்கள். (எச்டி0,ஜிபிடி1) (எச்டி0,ஜிபிடி2) என்கிற மாதிரி வரும்; பழைய கணினிகளில் ஜிபிடிக்குப் பதில் எம்எஸ்டொஸ். ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்:

எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்

எது பிழை சொல்லாமல் கோப்புப் பெயர்களைக் காட்டுகிறதோ அதுதான் வீடு. பிறகு இந்த நாலு வரி:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)
செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்
இன்ஸ்மொட் நோர்மல்
நோர்மல்

வழக்கமான மெனு வந்துவிடும். இது இன்றைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் அப்டேட்-கிரப், அதன் பின் பழைய பயோஸ் கணினி என்றால் கிரப்-இன்ஸ்டோல் /டெவ்/எஸ்டிஏ. எஸ்டிஏ1 அல்ல, எஸ்டிஏ: பகிர்வில் அல்ல, முழு வட்டில்.

எல்எஸ் அடித்தும் வட்டு ஒன்றையும் காணவில்லை என்றால் மென்பொருளை விட்டுவிட்டு மூடியைக் கழற்றுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கணினிகளில் உப்புக் காற்று வயர்களின் முனையைத் தின்கிறது. வட்டு வயரைக் கழற்றிச் செருகுவதும், ராம் தகட்டின் பொன்னிறக் கால்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் துடைப்பதும் எங்கள் பக்கத்தில் வைத்தியத்தின் முதல் அத்தியாயம். மட்டக்களப்புக் கடற்கரையில் பத்து வருடம் இருந்த ஒரு ராம் தகட்டைப் பார்த்தவருக்கு அது புரியும்.

“மெனு வந்து அப்படியே நிக்கிது”

பிழை இல்லை. போன முறை சரியாக எழும்பி முடிக்கவில்லை என்பதை உபுண்டுவின் கிரப் நினைவில் வைத்து, உங்களுக்குத் தெரிவு தருவதற்காக 30 வினாடி காத்திருக்கிறது. என்டர் தட்டினால் போகும். திரை இல்லாமல் மூலையில் ஓடும் கணினியில் இது இடைஞ்சல் என்றால் /எட்சி/டிஃபோல்ட்/கிரப் கோப்பில் ‘கிரப் ரெக்கோர்ட்ஃபெயில் டைம்அவுட்’ என்பதைப் பெரிய எழுத்தில், அடிக்கோட்டால் இணைத்து, =5 என்று எழுதி அப்டேட்-கிரப் கொடுங்கள்.

“அடைப்புக்குறிக்குள்ள இனிட்ராம்எஃப்எஸ் எண்டு எழுதி, பக்கத்துல மின்னுது”

மாரி காலத்தில் அதிகம் வரும் அழைப்பு இது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியோடு கரண்ட் போய்ப் போய் வரும். ஒருதரம் போவதை விட, போய் வந்து மறுபடி போவதுதான் கெட்டது: கணினி எழும்பி, வட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே இரண்டாவது அடி விழுகிறது.

கெர்னல் எழும்பிவிட்டது, ஆனால் மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்பதுதான் இந்தத் திரையின் பொருள். கொஞ்சம் மேலே பாருங்கள். கோப்பு முறைமையைப் பழுது பார்க்கும் எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டு என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும், /டெவ்/எஸ்டிஏ2 போல ஒரு பெயரும் இருக்கும். அந்தப் பெயரை எழுதி வையுங்கள்.

இந்த இடத்தில் நான் அவசரப்படுவதில்லை. “வட்டில இருந்து டிக் டிக் எண்டு சத்தம் வருதா?” என்று கேட்பேன். வந்தால் நிறுத்தச் சொல்வேன். சாகிற வட்டில் பழுது பார்க்கும் கருவியை ஓட்டுவது, முறிந்த காலோடு ஓடச் சொல்வது மாதிரி. அந்த வட்டை வேறு கணினியில் பூட்டி, முதலில் தரவைப் பிரதி எடுக்க வேண்டும். சத்தம் இல்லையென்றால்:

எஃப்எஸ்சிகே -வை /டெவ்/எஸ்டிஏ2

-வை என்பது எல்லாக் கேள்விக்கும் “ஓம்” சொல்வது. அது இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான கேள்விக்கு ஒருவர் வை எழுத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும் எக்ஸிட். பெரும்பாலும் அப்படியே தொடர்ந்து எழும்பும்.

எழும்பிய பிறகு இரண்டு வேலை. ஒன்று, லொஸ்ட்+ஃபவுண்ட் அடைவைப் பாருங்கள். பெயர் இழந்த கோப்புகள் வெறும் இலக்கங்களாக அங்கே கிடக்கும். ஆலையில் ஒரு மாதத்து நெல் வரவுக் கணக்கு அங்கேதான் கிடைத்தது. மற்றது, வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ. அதில் ரீஅலொகேட்டட், பெண்டிங் என்ற சொற்கள் உள்ள வரிகளின் கடைசி இலக்கம் பூச்சியமாக இருக்க வேண்டும். பூச்சியம் இல்லாமல், வாரத்துக்கு வாரம் ஏறுகிறது என்றால் புது வட்டுக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

“கெர்னல் பனிக் எண்டு போட்டிருக்கு”

கடைசியா எப்படி நிண்டது என்ற கேள்விக்கு இங்கே பதில் எப்போதும் ஒரே மாதிரி: “அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போயிற்று.” புதுக் கெர்னல் வந்தது, அதற்கு வேண்டிய தொடக்க நினைவகப் படிமம் (இனிட்ராம்எஃப்எஸ்) பாதியில் நின்றது. வட்டு நிரம்பிப் படிமம் முழுதாக எழுதப்படாவிட்டாலும் இதே திரைதான்.

பழைய கெர்னல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எழும்பும்போது ஷிஃப்ட் விசையை அமத்திப் பிடித்தால், புது வகை யூஈஎஃப்ஐ கணினியில் எஸ்கேப் விசையைத் தட்டினால், கிரப் மெனு வரும். அதில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ போய், இலக்கம் சிறிய கெர்னலைத் தெரிவு செய்யுங்கள். உள்ளே போனதும் வரிசையாக:

டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ
ஏபிடி -எஃப் இன்ஸ்டோல்
அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஓல்
அப்டேட்-கிரப்

இடம் போதாது என்று சொன்னால் டிஎஃப் -எச் அடித்து /பூட் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். ஏபிடி ஓட்டோரிமூவ் பழைய கெர்னல்களைக் கழிக்கும். ஒன்றையாவது மிச்சம் விடுங்கள், உங்களைக் காப்பாற்றியது அதுதான்.

“எமேர்ஜென்சி மோட் எண்டு வருது”

இது நான் செய்த பிழையால் பழகிய குறி. வாசிகசாலையில் காப்புப் பிரதிக்கென்று ஒரு வெளி வட்டைப் பூட்டி, அது தானாக ஏறட்டும் என்று /எட்சி/எஃப்எஸ்டாப் கோப்பில் ஒரு வரி எழுதினேன். வெள்ளிக்கிழமை யாரோ அந்த வட்டை அலுமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டார்கள். திங்கள் காலை நூலக மிஸ் எடுத்து, “தம்பி, ஆபத்து எண்டு இங்கிலீசில வருது, பிள்ளைகளை வெளியில அனுப்பவா?” என்றார்.

எஃப்எஸ்டாப்பில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வட்டையும் சிஸ்டம்டி கட்டாயமானது என்றே எடுத்துக்கொள்ளும். 90 வினாடி தேடும். வராவிட்டால் எழுப்புவதை நிறுத்தி இந்தத் திரைக்கு வந்துவிடும். ஒரு காப்பு வட்டு இல்லையென்பதற்காக முழுக் கணினியும் எழும்ப மறுப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் தரவு வட்டு இல்லாமல் தரவுத்தளம் எழும்பி வெறும் அடைவில் எழுதத் தொடங்குவதை நினைத்தால், அந்தப் பிடிவாதத்துக்கும் நியாயம் இருக்கிறது.

கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போங்கள். ஜேர்னல்சிடிஎல் -எக்ஸ்பி அடித்து, சிவப்பில் இருக்கும் முதல் வரியைத் தேடுங்கள். முதல் வரி முக்கியம். பின்னால் வருபவை அதன் விளைவுகள். கோப்பைத் திருத்தும் நானோ என்ற நிரலால், நானோ /எட்சி/எஃப்எஸ்டாப் என்று திறந்து, குற்றவாளி வரியின் முன்னால் # போட்டு, ரீபூட். எழுத முடியவில்லை என்றால் மூலக் கோப்பு முறைமை வாசிக்க மட்டும் ஏறியிருக்கிறது:

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /

பிறகு ஆறுதலாக அந்த வரியை மறுபடி எழுதும்போது, டிஃபோல்ட்ஸ் என்பதற்குப் பின்னால் ,நோஃபெயில் என்று சேருங்கள். கூடவே ,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ் என்றும் போட்டால் தேடுவதும் பத்து வினாடியோடு முடியும். சேமித்ததும் ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டுங்கள். எழுத்துப் பிழையை அணைப்பதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். அன்றைக்கு நான் அதை ஓட்டவும் இல்லை, நோஃபெயில் போடவும் இல்லை.

டெபியனை நிறுவும்போது ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல்லை வெறுமையாக விட்டிருந்தால் இந்தத் திரையே உள்ளே விடாது, ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிடும். அப்போது கிரப் மெனுவில் ஈ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இனிட்=/பின்/பாஷ் என்று சேர்த்து, எஃப்10. நேரே ரூட்டாகக் கட்டளை தட்டும் திரை வரும். ரீமவுண்ட் செய்து, திருத்தி, சிங்க் அடித்து, ரீபூட் -எஃப். இங்கே வெறும் ரீபூட் வேலை செய்யாது, ஏனெனில் அதைக் கேட்டு நடக்க வேண்டிய சிஸ்டம்டியே எழும்பவில்லை. இதே வழியால் மறந்த கடவுச்சொல்லையும் மாற்றலாம் என்பதால், பொது இடத்துக் கணினியில் கிரப்புக்கும் ஒரு பூட்டுப் போடுவது நல்லது.

“எழும்புது, ஆனா தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம்”

சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் என்று அடித்தால் எந்தச் சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று பெரியதில் இருந்து சிறியதாகப் பட்டியல் வரும். அதை அப்படியே நம்பாதீர்கள். சேவைகள் ஒன்றோடொன்று சமாந்தரமாக எழும்புபவை. 40 வினாடி எடுத்த ஒன்று யாரையும் மறிக்காமல் ஒதுங்கி நின்றிருக்கலாம். உண்மையில் வழியை மறித்தது யார் என்பதை சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின் சொல்லும்.

எங்கள் பக்கத்தில் குற்றவாளி அநேகமாக ‘வெயிட்-ஒன்லைன்’ என்று முடியும் சேவை. ரவுட்டர் இன்னும் எழும்பவில்லை, இது வலையமைப்புக்காக ஒரு நிமிடமோ இரண்டோ காத்திருக்கிறது. வலையமைப்பு வட்டு எதையும் ஏற்றாத சாதாரணக் கணினி என்றால் அதை சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் கொடுத்து நிறுத்தலாம்.

“பாஸ்வேர்ட் சரி, திரும்ப அதே இடத்துக்கு வருது”

வட்டு நிரம்பியிருக்கும். கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்துத் தட்டினால் கறுப்புத் திரை நுழைவு வரும். அதில் புகுந்து டிஎஃப் -எச். நூறு வீதம் என்றிருந்தால் ஏபிடி கிளீன், பிறகு ஜேர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம். எம் மட்டும் பெரிய எழுத்து. மீதி, பிள்ளைகள் இறக்கி வைத்த வீடியோக்கள்.

“திகதி பிழையாக் காட்டுது, இன்டர்நெட்டும் வேலை செய்யுதில்ல”

தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பற்றரி செத்துவிட்டது. கடிகாரம் பின்னால் போனால் வலைத்தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், ஏபிடியும் களஞ்சியத்தின் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும், எஃப்எஸ்சிகே வட்டு எதிர்காலத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று குழம்பும். மூன்றுக்கும் ஒரே மருந்து: பற்றரியை மாற்றுங்கள், டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ கொடுங்கள். கணினி எழும்பாததற்குக் காரணம் தேடி மணிக்கணக்கில் அலைந்த பிறகு, மணிக்கூட்டைப் பார்க்க மறந்தது தெரியவந்தால் வரும் வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

“நிப்பாட்டச் சொன்னா நிக்குதில்ல, ஒண்டரை நிமிசம் எண்ணுது”

ஒரு சேவை முடித்துக்கொள்ள மறுக்கிறது. சிஸ்டம்டி அதற்கு 90 வினாடி தவணை கொடுத்து, பிறகு கொல்லும். எந்தச் சேவை என்று அந்த வரியிலேயே பெயர் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள், பொத்தானைத் தொடாதீர்கள். 90 வினாடி பொறுத்தவருக்கு ஒழுங்கான அணைப்பு, பொறுக்காதவருக்கு மேலே சொன்ன இனிட்ராம்எஃப்எஸ் கதை.

இந்தத் தவணையை எல்லாவற்றுக்கும் பத்து வினாடியாகக் குறைக்கச் சொல்லும் ஆலோசனை நிறைய உலாவுகிறது. நான் செய்வதில்லை. ஆலையின் கணக்கு மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. நினைவில் வைத்திருப்பதை வட்டில் எழுதி முடிக்க அதற்குச் சில வேளை கூடுதல் நேரம் வேண்டும். பத்து வினாடியில் கொன்றால் நீங்களே கையால் கரண்டை நிறுத்தியது மாதிரி. அடம்பிடிக்கும் சேவைக்கு மட்டும் சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு அதன் தவணையைக் குறையுங்கள். வலையமைப்பு வழியாக ஏற்றிய அடைவு என்றால், வலை முதலில் அறுந்து அடைவு பிறகு கழற்றப்பட முயல்வதுதான் சிக்கல். கையால் கழற்றிவிட்டு அணைத்துப் பாருங்கள்.

“சிஸ்டம் ஹோல்டட் எண்டு நிக்கிது, லைட்டும் எரியுது”

ஹோல்ட் என்று அடித்திருக்கிறீர்கள். அது இயங்குதளத்தை நிறுத்தும், மின்சாரத்தைத் துண்டிக்காது. இனிப் பொத்தானை அமத்திப் பிடிக்கலாம், எல்லாம் எழுதி முடிந்துவிட்டது. அடுத்த முறை பவர்ஓஃப், அல்லது ஷட்டவுன் நௌ.

இந்தச் சொற்கள் யூனிக்ஸுக்கு யூனிக்ஸ் குணம் மாறும். சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் நேரம் சொல்லாமல் ஷட்டவுன் என்று மட்டும் அடித்தால் ஒரு நிமிடம் கழித்து அணையும். மனம் மாறினால் ஷட்டவுன் -சி. ஃப்ரீபிஎஸ்டியில் நேரம் சொல்லியே ஆக வேண்டும், மின்சாரமும் போக வேண்டுமென்றால் ஷட்டவுன் -பி நௌ. லினக்ஸில் கில்ஓல் என்பது பெயர் சொன்ன செயல்முறையைக் கொல்வது. சொலாரிஸில் அதே பெயர் இயங்கும் எல்லாவற்றையும் கொல்வது, அணைக்கும் வேலையின் ஒரு பாகம். பழைய பாடக்குறிப்புகளில் /எட்சி/இனிட்டாப்பைத் திருத்து என்று இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் 2015 இல் சிஸ்டம்டிக்கு மாறிவிட்டன. அந்தக் கோப்பை இப்போது யாரும் வாசிப்பதில்லை. இனிட் 0, இனிட் 6 என்ற பழைய பழக்கம் மட்டும் இன்னும் செல்லும்.

“நிப்பாட்டினா உடன திரும்ப எழும்புது”

வலை வழியாக எழுப்பும் வசதி திறந்திருக்கலாம். ஈத்டூல் -எஸ் என்பதன் பின் வலை அட்டையின் பெயர், பிறகு டபிள்யூஓஎல் டி. தீராவிட்டால் யூஎஸ்பி மவுசைக் கழற்றி வைத்து அணைத்துப் பாருங்கள்.

“தானா நிக்கிது”

பதிவேட்டின் கடைசி வரிகளிலேயே விடை இருக்கும். ‘கிரிட்டிக்கல் டெம்பரேச்சர்’ என்றிருந்தால் சூடு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது வாசிகசாலையில் இது வரும். காற்றோடு வரும் மண்தூள் குளிரூட்டும் விசிறியின் தகட்டிடையே அடைந்துவிடும். தூரிகையால் துடைத்தால் சரி. ‘பவர் கீ பிரெஸ்ட்’ என்றிருந்தால் ஒரு சின்ன விரல். /எட்சி/சிஸ்டம்டி/லொகின்டி.கொன்ஃப் கோப்பில் ஹேண்டில்பவர்கீ என்ற வரியை =இக்னோர் என்று மாற்றினால் அந்த விரலுக்கு வேலை இல்லை. நாலு வினாடி போல அமத்திப் பிடிப்பதை மட்டும் எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. ஒன்றுமே எழுதாமல் அறுந்திருந்தால் மின்சாரம், மின்வழங்கி, அல்லது தளர்ந்த பிளக்.

“மவுசும் அசையுதில்ல, ஒண்டும் அசையுதில்ல”

பொத்தானுக்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஓல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்தபடி எஸ், யூ, பி ஒவ்வொன்றாக, நடுவில் இரண்டு மூன்று வினாடி விட்டு. முதலாவது நினைவில் உள்ளதை வட்டில் எழுதும், இரண்டாவது கோப்பு முறைமையை வாசிக்க மட்டும் என்று மாற்றும், மூன்றாவது மறுபடி எழுப்பும். ஆர்இஐஎஸ்யூபி என்று ஆறு எழுத்தாகப் படித்திருப்பீர்கள். உபுண்டுவில் இந்த வசதியின் அளவு 176 என்று வைத்திருப்பதால் கடைசி மூன்று எழுத்துக்குத்தான் அனுமதி. அந்த மூன்றும் போதும்.

கரண்ட் போகும் என்று தெரிந்தே வைத்திருப்பது

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டு வந்தது. அதையாவது நேர அட்டவணை போட்டுச் சொன்னார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் இலங்கை முழுவதும் இருண்டது. அதற்கு அட்டவணை இல்லை.

யூபிஎஸ் வாங்கியவர்கள் பலர் அதைக் கணினிக்கு உயிர் கொடுக்கும் பெட்டி என்று நினைக்கிறார்கள். அது தருவது சில நிமிட அவகாசம் மட்டும். அந்த நிமிடங்களில் யாராவது அணைக்க வேண்டும். ஆலையில் இரவு யாரும் இல்லை. யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் என்றால் நட் என்ற பொதியைப் போடுங்கள். பற்றரி தாழ்ந்ததும் அது தானே ஷட்டவுன் கட்டளையைக் கொடுக்கும்.

ஆலையில் இருப்பது வயர் இல்லாத மலிவுப் பெட்டி. கணினியோடு அது பேசாது. அதற்கு நான் செய்த குறுக்கு வழி: ஒரு பழைய ரவுட்டரை யூபிஎஸ்ஸில் அல்லாமல் நேரே சுவர் பிளக்கில் பூட்டி, கணினியோடு வலை வயரால் இணைத்தேன். நிமிடத்துக்கு ஒருதரம் கணினி அதற்கு ஒரு பிங் அனுப்பும். மூன்றுதரம் தொடர்ந்து பதில் இல்லையென்றால் சுவரில் கரண்ட் இல்லை. ஷட்டவுன் -எச் +3. இடையில் பதில் வந்தால் ஷட்டவுன் -சி. இந்த இலக்கங்களை அப்படியே எடுக்காதீர்கள். யூபிஎஸ்ஸின் பிளக்கைக் கழற்றி, உங்கள் பெட்டி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று மணிக்கூட்டோடு இருந்து பாருங்கள். ஆலையில் ஒன்பது நிமிடம் தாங்கியது, ஆறில் அணைக்கிறேன். பற்றரிக்கு வயது ஏற ஏற ஒன்பது குறையும் என்பதால் மாரிக்கு முன் ஒவ்வொரு வருடமும் அளக்கிறேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, எனக்குப் பிடிபட நாளாயிற்று. கரண்ட் வந்ததும் தானாக எழும்பட்டும் என்று பயோஸில் ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டும் சில நாள் ஆலைக் கணினி எழும்பவில்லை. காரணம், கணினி ஆறாவது நிமிடம் அணைந்துவிட்டது, யூபிஎஸ் தொடர்ந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது, பற்றரி தீர்வதற்கு முன்பே சுவரில் கரண்ட் வந்துவிட்டது. கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. போகாதது எப்படித் திரும்பி வரும்? நட் போட்டவர்களுக்கு இதற்கும் வழி உண்டு, அணையும் கடைசிக் கட்டத்தில் யூபிஎஸ்ஸையே நிறுத்தச் சொல்லலாம். பேசாத பெட்டிக்கு யார் சொல்வது?

அதனால் ஆலையில் கணினிக்கு மேலே ஒரு மட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: “காலையில் கணினி எழும்பாமல் இருந்தால், வாசல் பல்ப் விடாமல் பத்து நிமிடம் எரிந்த பிறகு பொத்தானை ஒருதரம் அமத்தவும். ஒருதரம் மட்டும்.”